அண்ணன் ரெகுலர்

நான் எழுதியது ஆறு. மடியில் கிடப்பது ஏழாவது. ப்ளெக்ஸ் மிஷின் இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறது. பத்துக்கு எட்டு கல்யாண பேனர், நாற்பது நிமிடம் ஆகும், அதுவரை இந்த ஸ்டூலை விட்டு நான் எழுந்திருக்கக் கூடாது, ப்ளெக்ஸ் ஓரம் சுருண்டு தூக்கினால் மை தெளிக்கிற ஹெட் உரசிவிடும், உரசினால் கடை முதலாளி தவமணி அண்ணாச்சி என்னைக் கொன்றுவிடுவார். பதினொரு மணிக்குத் தண்ணீர் பாட்டிலை எடுக்கலாம் என்று சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டேன். பாட்டிலுக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவே இந்தக் கவர் நின்றுகொண்டிருந்தது. பழுப்புக் கவர், தபால்தலை இல்லை, முத்திரை இல்லை, மேலே ஒரே ஒரு வார்த்தை, தம்பிக்கு. கறுப்பு மை, தூரிகை எழுத்து. முதல் எழுத்தின் வயிறு கொஞ்சம் தொங்கி, புள்ளி வட்டமாக இல்லாமல் மீன் செதில் தெறித்து ஒட்டியது போலச் சாய்ந்து. டெல்வின் அண்ணனின் எழுத்து. அவன் வீட்டை விட்டுப் போய் மூன்று வருடமும் நாலு மாதமும் ஆகிறது. எங்கே இருக்கிறான் என்று தெரியாது, இருக்கிறானா என்பதே தெரியாது, அதுவும் எனக்குத்தான் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். அம்மாவைப் பொறுத்தவரை அவன் மங்களூரில் ஒரு மீன் கம்பெனியில் வேலை பார்க்கிறான், மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை ஆள்வசம் கடிதம் கொடுத்து விடுகிறான். அந்தக் கடிதங்களை எழுதுகிறவன் நான். எழுதுகிறவன் என்று கூடச் சொல்ல முடியாது. தட்டச்சு அடிக்கிறவன். ஆறுதான் அடித்தேன். ஆறையும் எண்ணிப் பார்த்தாயிற்று, தேதி வாரியாகப் பார்த்தாயிற்று, தூக்கத்தில் எழுந்து அடித்திருப்பேனோ என்று கூட யோசித்தாயிற்று. இது என்னுடையது இல்லை.

ஹெட் இடதுபக்கம் போகிறது, வலதுபக்கம் வருகிறது, ஒவ்வொரு போக்குக்கும் ஒரு விரற்கடை பேனர் வெளியே இறங்குகிறது. முதலில் மாப்பிள்ளையின் தலைமுடி வந்தது, பிறகு கூலிங் கிளாஸ். எனக்குப் பின்னால் பெஞ்சில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மூன்று பேர், இசக்கிராஜா என்பவன்தான் தலைவன், மற்ற இருவரும் அவன் சிரித்தால் சிரிக்கிறார்கள். "அண்ணே, மாப்ளைக்கு முகத்துல கொஞ்சம் வெள்ளையடிச்சிருக்கலாம்லா," என்கிறான் ஒருத்தன். "ஏல, ஏற்கனவே அடிச்சாச்சு. இதுக்கு மேல அடிச்சா பொண்ணு வீட்டுல வேற மாப்ளன்னு நெனச்சிருவாங்க," என்கிறான் இசக்கிராஜா. நானும் சிரிக்கிறேன், என் வாய் சிரிக்கிறது, கை கவரின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறது. திறக்கலாம். திறந்தால் ஒன்று அவன் இருக்கிறான், இல்லையென்றால் இது வேறு யாரோ. திறக்காமல் இருந்தால் இரண்டும் இல்லை, அல்லது இரண்டும். மையில் கலக்கிற சால்வென்ட் நெடியில் மூக்கு மரத்துப் போயிருக்கிறது. தாத்தா சொல்வார், பயம் முதலில் மூக்கில்தான் ஏறும் என்று. அவர் உப்பளத்தில் காவல் இருந்தவர், எனக்குப் பதினோரு வயது வரை எங்களோடுதான் இருந்தார், அவர் சொன்ன கதைகளில் பேய் ஒருநாளும் இருட்டில் வந்ததில்லை. உச்சிப்பொழுதில்தான் வரும். பாத்தி பாத்தியாக வெள்ளை, மேலே வெயில், கண்ணைத் திறக்க முடியாது, அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடும் என்பார். இப்போது மணி பதினொன்றே முக்கால்.

அண்ணன் தூரிகைக்காரன் ஒன்றும் இல்லை. மீன் ஏற்றுமதி செய்கிற ஐஸ் கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலை. எந்தப் பெட்டியில் இறால், எந்தப் பெட்டியில் கணவாய், எத்தனை கிலோ, எந்த ஊர் என்று தெர்மாகோல் மூடியில் பெயிண்டைத் தொட்டு எழுத வேண்டும், நாளைக்கு நானூறு பெட்டி, நின்றுகொண்டே, ஈரக் கையோடு. அதனால் அவன் எழுத்துக்கு அழகாக இருக்க நேரம் இருந்ததில்லை, அதனாலேயே அழகாக இருந்தது. அந்தத் தூரிகையும் ஒரு சின்ன டப்பா கறுப்புப் பெயிண்டும் வீட்டுக்கும் வந்துவிடும். எங்கள் வீட்டில் பேனா தேடினால் கிடைக்காது, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் எழுதி டிவி மேல் சாய்த்துவிட்டுப் போவான். அம்மா கேஸ் தீந்துபோச்சு. தம்பி சைக்கிள் பஞ்சர் நீயே ஒட்டு. மீனுக்கு உப்பு பத்தல யார்ட்டயும் சொல்லாத. கடைசி அட்டை, அம்மா போறேன் தேடாத. அம்மா என்ற வார்த்தையைத் தூரிகையில் மிச்சம் இருந்த பெயிண்டிலேயே எழுதியிருக்கிறான், வால் இழுக்கும்போது காய்ந்து நாலு கீற்றாகப் பிரிந்திருக்கிறது, அதன் பிறகுதான் டப்பாவைத் தொட்டிருக்கிறான், போறேன் என்பது நல்ல கொழுத்த கறுப்பு. அந்த நாலு கீற்றை நான் பார்த்த அளவுக்கு உலகத்தில் எதையும் பார்த்ததில்லை. ஒவ்வொரு கீற்றிலும் அவன் கை நின்ற இடம், தயங்கிய இடம். தயங்கினானா, இல்லை பெயிண்ட்தான் தீர்ந்ததா.

நான்தான் சொன்னேன். அதை எத்தனை தரம் சுற்றி வந்தாலும் அங்கேதான் வந்து காலில் இடிக்கிறது. அண்ணன் ஐஸ் கம்பெனிக்குப் போகலை, ரெண்டு வாரமாச்சு, பீச்ல உக்காந்திருக்கான். சும்மாதான் சொன்னேன். அம்மா பிளவுஸில் ஆரி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், பாசியைக் கோத்துக்கொண்டே கேட்டாள், நானும் செல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மத்தியானம் அவன் வந்து உட்கார்ந்தான், சாளை மீன் புளிமுளம், அவனுக்கென்றே குழம்பை வற்ற வைத்திருந்தாள், தட்டில் கை வைத்தபோதுதான் அம்மா ஆரம்பித்தாள். "சோறு திங்க மட்டும் வீடு தெரியுதோ? வெக்கமா இல்ல?" அவன் என்னைத்தான் பார்த்தான். "என்ன பாக்க? அவன் சொல்லாட்டி எனக்குத் தெரியாதோ? போ, போயி கடல்ல விழு." எல்லா அம்மாக்களும் சொல்வதுதான், எங்கள் தெருவில் நாளைக்கு நாலு பேர் கடலில் விழுவார்கள், பிறகு வந்து சாப்பிடுவார்கள். அண்ணன் கையைக் கழுவினான். ஒரு கவளம் கூட எடுக்கவில்லை, விரலில் குழம்பு பட்டிருந்தது, அதைத்தான் கழுவினான். அம்மாவும் நானும் கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது டிவி மேல் அட்டை. அன்றிலிருந்து அந்தக் குழம்பு எங்கள் வீட்டில் கொதிக்கவில்லை. அன்றிலிருந்து பேப்பரில் அடையாளம் தெரியாத ஆண் சடலம் என்று எங்கே போட்டிருந்தாலும் என் கண் அங்கே போய் நிற்கிறது. உயரம் சுமார் ஐந்தரை அடி, நீலக் கட்டம் போட்ட லுங்கி. அண்ணனிடம் நீலக் கட்டம் இருந்ததா, பச்சையா. பச்சைதான். பச்சை என்றுதான் வைத்திருக்கிறேன்.

அம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள். ஒரேயடியாக இல்லை. முதலில் மத்தியானச் சோறு, அவன் தட்டைக் கழுவி எதிரே கவிழ்த்து வைத்துவிட்டு, "அவன் எங்கியாவது சாப்பிட்டான்னு சேதி வரட்டும்," என்பாள். பிறகு ராத்திரிச் சோறு. ஒன்றரை வருடத்தில் அவள் ரவிக்கையை அவளே மூன்று தரம் பிடித்துத் தைத்தாள். ஒரு நாள் ஆரி கட்டையின் மேலேயே சரிந்து விழுந்தாள், கல்யாணப் பெண்ணின் பிளவுஸ், ஊசி உள்ளங்கையில். அந்த வாரம்தான் நான் அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து போட்டோ எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக வெட்டி, ஓரத்தை வளைத்து வளைத்து வரைந்து, அவனைக் கம்ப்யூட்டரில் தட்டினால் விழுகிற ஃபான்ட் ஆக்கினேன். நூற்றுச் சொச்சம் வடிவம் வேண்டும். அட்டையில் கிடைத்தது எழுபது. மீதியை நானே கூட்டினேன், இதன் தலை, அதன் வால், ஒருபோதும் அவன் எழுதியிராத எழுத்துக்களை அவன் எழுதினால் எப்படி எழுதுவான் என்று. அதைச் செய்யும்போது தோளுக்குப் பின்னால் யாரோ நின்று, இல்லடே, நான் அப்படி இழுக்க மாட்டேன் என்று சொல்வது போல இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். மிஷின்தான். ஃபைலுக்கு ஒரு பெயர் கேட்டது. அண்ணன் என்று அடித்தேன். அது தானாகவே பக்கத்தில் ரெகுலர் என்று சேர்த்துக்கொண்டது. அண்ணன் ரெகுலர். முதல் கடிதத்தைப் பழுப்பு அட்டையில் அடித்துக் கொண்டுபோனேன். அம்மா, நல்லா இருக்கேன். மங்களூர்ல வேலை. இங்க சோறு பரவாயில்ல. நீ சாப்பிட்டியா. தம்பி எப்படி இருக்கான். அவள் அதைத் தொடவில்லை, தரையில் வைத்துக் குனிந்து நெடுநேரம் பார்த்தாள், துணியில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்ப்பது போல. "யாரு கொண்டாந்தா?" ஒருத்தரை உண்டாக்கினேன். மங்களூர்க்காரர், லாரியில் வருகிறவர், வெள்ளை மீசை, தமிழ் அரைகுறை, கடைக்கு வந்து கொடுத்துவிட்டு உடனே போய்விட்டார். "ஒரு டீ வாங்கிக் குடுத்தியா அவருக்கு?" கொடுத்தேன் என்றேன். எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டாள். வெறும் ரசம்தான். அவள் மெல்லுகிற சத்தத்தை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், திருடி அகப்படாமல் போனவனைப் போல.

"அண்ணே, எழுத்து எப்ப வரும்?" இசக்கிராஜா எழுந்து பக்கத்தில் வந்து நிற்கிறான். கவரைச் சட்டைக்குள் நுழைக்கிறேன். "மாப்ள இடுப்புக்குக் கீழ," என்கிறேன். "அய்யோ, அங்கயா எழுதியிருக்கு?" மூன்று பேரும் பெஞ்சைத் தட்டிச் சிரிக்கிறார்கள். அவர்களே தேர்ந்தெடுத்ததுதான். காலையில் வந்து, அண்ணே, கையால எழுதுன மாதிரி ஒண்ணு போடுவீங்கள்லா, ஹோட்டல்லலாம் இருக்குமே, அது வேணும் என்றார்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அண்ணாச்சி ஒரு நாள் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பட்டியலில் கண்டுபிடித்தார். "என்னல இது, அண்ணன்? சொக்கா இருக்கே! சொல்லவேயில்ல!" அடுத்த வாரமே அண்ணன் ஊரில் இறங்கிவிட்டான். பிரியாணிக் கடை போர்டு, காதுகுத்து, கிரிக்கெட் டீம் டீசர்ட் முதுகு, ஊறுகாய் டப்பா லேபிள், பியூட்டி பார்லர் கண்ணாடி. சுருட்டி எழுதுகிற எழுத்து வயசானவர்களுக்கு, கட்டை எழுத்து கட்சிக்காரர்களுக்கு, மற்ற எல்லோருக்கும் அண்ணன். அதில் போட்டால் வீட்டு ஆள் சொன்ன மாதிரி இருக்கிறதாம், கடைக்காரர் தானே எட்டிப் பார்த்துக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறதாம். ஃபோனில் விளக்கினார் ஒரு மசாலாக் கம்பெனிக்காரர், "தம்பி, பிரிண்டு மாதிரி இருந்தா நம்ப மாட்டாங்க. கை எழுத்து மாதிரி இருந்தா நம்பிருவாங்க." அண்ணாச்சி பெருமையில் அதைப் பென் டிரைவில் போட்டு இன்னும் மூன்று கடைக்குக் கொடுத்தார். "இதுல போல்ட் ஒண்ணு பண்ணுல, தூரத்துல இருந்து தெரியல." பண்ணினேன். மவுஸைப் பிடித்து இழுக்க இழுக்க அவன் தடித்தான், கண்ணெல்லாம் அடைத்து, தண்ணீரில் கிடந்து ஊதியது போல. ஸ்க்ரீனை அணைத்துவிட்டேன். பஸ்ஸில் வருகிறேன், பழைய பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் அம்மா ஜூஸ் கார்னர், அதே அம்மா, வால் காய்ந்து நாலு கீற்று, கடைசி அட்டையில் இருந்த அந்த அம்மா, பக்கத்தில் சாத்துக்குடி முப்பது. பஸ் நகர்கிறது, மெடிக்கல், டியூஷன் சென்டர், சுவரில் கண்ணீர் அஞ்சலி, யாரோ ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருக்கிறார், கீழே என் அண்ணன் கையால் இதய அஞ்சலி. அவன் ஊர் முழுக்க எழுதிக்கொண்டே போகிறான். எனக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. இன்றைக்கு வரை.

எழுத்து வருகிறது. சிக்கிட்டான்யா சிங்கம். கூட்டாளிகள் செல்லில் படம் எடுக்கிறார்கள். அதற்குக் கீழே சிவப்பில், வருக, ஹெட் போய் வருகிறது, வருக, இன்னும் ஒரு விரற்கடை, மூன்றாவது வருக. மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாக. மூன்று வ இல்லை, ஒரே ஒரு எழுத்து மூன்று இடத்தில் நிற்கிறது. ரு-வின் அடியில் ஒரு சின்னத் திட்டு, அண்ணன் எழுதியபோது ஈரக் கையில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து பெயிண்ட் கொஞ்சம் கரைந்த இடம், அதையும் நான் விடாமல் வரைந்து வைத்தேன், மூன்றிலும் அந்தச் சொட்டு விழுந்திருக்கிறது. நல்ல ஃபான்ட் என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு மூன்று மாற்று வைப்பார்கள், அடுத்தடுத்து வந்தால் மாறி மாறி விழும், பார்க்கிறவனுக்குக் கை எழுத்தாகவே தோன்றும். என்னிடம் மாற்று இல்லை. அவன் எனக்கு ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் விட்டுப் போனான். உச்சிப்பொழுதில் உப்பளத்துக்கு நடுவே நிற்கும்போது தெரிந்த குரலில் பேர் சொல்லிக் கூப்பிடும் என்பார் தாத்தா. சட்டென்று ஏன் என்று கேட்டுவிடக் கூடாது. மூன்று தரம் கூப்பிடட்டும். காதைத் தீட்டிக் கேள். சீவன் உள்ளவன் மூன்று தரம் கூப்பிட்டால் மூன்றும் மூன்று மாதிரி இருக்கும். முதலில் சும்மா கூப்பிடுவான், இரண்டாவதில் கோபம் ஏறும், மூன்றாவதில் பயம் வந்துவிடும், இவனுக்கு என்ன ஆச்சோ என்று. மற்றது கூப்பிட்டால் மூன்றும் ஒன்று போலவே இருக்கும், அச்சு அசலாக, ஒரு இழை கூடாது, ஒரு இழை குறையாது. அதற்கு உன்னைப் பற்றி ஒரு பயமும் இல்லை பாரு, அதனால். அப்படிக் கூப்பிட்டால் திரும்பாதே. ஒன்று போல இருந்தால் திரும்பாதே. வருக வருக வருக. நான் ப்ளெக்ஸ் ஓரத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறேன், அது தூக்கவே இல்லை. போன வாரம் அம்மாவும் இதையே சொன்னாள், வேறு எதற்கோ. ஒரு கஸ்டமர் கடையில் வாங்கிய பிளவுஸைக் கொண்டுவந்து, இதுவும் கைவேலைதானே, ஏன் நீங்க மட்டும் கூட கேக்கீங்க என்று வாயாடினாள். அம்மா இரண்டு கையிலும் இருந்த மயிலை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "பாருங்க, ஒண்ணு போல நிக்குது. கையால போட்டா ரெண்டு மயிலும் ரெண்டு மாதிரிதான் நிக்கும். இது மிஷின் போட்டது." சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் அவளைப் பார்த்தேன்.

யாராக இருக்கும். அண்ணாச்சி என்றால் கேலிக்குக் கூட இப்படிச் செய்ய மாட்டார். மற்ற மூன்று கடைக்காரர்களுக்கு என் அண்ணனைத் தெரியாது, ஃபான்டைத்தான் தெரியும். அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் டிவியின் தம்பி. பையைக் கட்டியது அவள்தான், அப்படியென்றால் கவர் வீட்டுக்கு வந்திருக்கிறது, காலையில் நான் குளிக்கும்போது யாரோ வாசலில் வந்து கொடுத்திருக்கிறார்கள், வெள்ளை மீசை வைத்த ஒருவர், தமிழ் அரைகுறை, டீ கூடக் குடிக்காமல் உடனே போயிருக்கிறார். நான் உண்டாக்கிய ஆள் நடந்து வந்துவிட்டார். அப்படியென்றால் மங்களூரும் உண்டு, கம்பெனியும் உண்டு, அண்ணன் ஒரு தெர்மாகோல் மூடியின் முன்னால் நின்று என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதியிருக்கிறான், என் பேர்ல என்னென்ன எழுதி வச்சிருக்க என்று. திட்டட்டும். அவன் திட்டினால் நான் என் செருப்பைக் கழற்றி அவன் கையில் கொடுப்பேன். சட்டைக்குள் இருந்து கவரை எடுத்தேன். கிழித்தேன். உள்ளே நாலாக மடித்த வெள்ளைத் தாள், ஏழெட்டு வரி, கறுப்புத் தூரிகை. நான் வாசிக்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு எனக்கு எதையும் முதலில் வாசிக்க வராது, கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெயர் தெரியாது, என்ன எழுத்து என்றுதான் தெரியும். கண் தானாகவே தேடிப்போய்த் தம்பி என்ற சொல்லைப் பிடித்தது. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி வரியில் ஒன்று. மூன்று. ஸ்கேலை எடுத்து வைத்தேன். முதல் தம்பியின் வயிறு தொங்குகிறது. இரண்டாவது அதைவிட ஒரு நூல் அகலம். மூன்றாவதில் புள்ளி மேலே ஏறிப்போய், கடைசிச் சுழி கொஞ்சம் நடுங்கி. மூன்றும் மூன்று மாதிரி. மறுபடியும் வைத்தேன். மூன்றும் மூன்று மாதிரி! ஃபான்ட் இல்லை. அச்சு இல்லை. கை. ஒரு உயிருள்ள கை, மூன்று தரம், மூன்று மாதிரி. ஹெட்டின் சத்தம் நின்றுவிட்டது, இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, என் காதில்தான் இல்லை. இருக்கிறான். எங்கள் அண்ணன் இருக்கிறான். பச்சை லுங்கிதான். கடல் இல்லை, பேப்பர் இல்லை, ஊதிப்போன போல்ட் இல்லை, இருக்கிறான், எங்கேயோ நின்று தூரிகையைத் தொட்டுத் தம்பி என்று எழுதியிருக்கிறான், மூன்றாவதில் பயந்திருக்கிறான். கண் நிறைந்து வரிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. துடைத்துக்கொண்டு அப்புறம்தான் வாசித்தேன்.

தம்பி. சாப்பிட்டியா. பாக்ஸ் தினமும் பாதி பாதியா திரும்பி வருது. நீ மெலிஞ்சு போற. தம்பி, நீ எழுதுனது போதும். அம்மா சாப்பிடுவேன். அவன் வந்தாலும் சாப்பிடுவேன், வராட்டியும் சாப்பிடுவேன். தம்பி, நீ சாப்பிடு.

பாக்ஸ் பாதியாகத் திரும்புவது மங்களூரில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று என் மூளை மெதுவாக, மிக மெதுவாகக் கேட்டது. ஆறாவது கடிதம் கொடுத்ததிலிருந்தே எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதை எண்ணிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். தாளை மூக்கின் பக்கம் கொண்டுபோனேன். சால்வென்ட் நெடிக்கு அடியில், எங்கேயோ ஆழத்தில், மண்ணெண்ணெய். எங்கள் வீட்டு வாசம். அம்மா ட்ரேசிங் பேப்பரில் கோலத்தை ஊசியால் குத்தி, துணியின் மேல் விரித்து, மண்ணெண்ணெயில் நீலம் குழைத்துத் துணிப்பந்தால் தேய்ப்பாள், ஓட்டை வழியாகப் புள்ளி புள்ளியாக இறங்கும், அப்புறம்தான் அதன் மேல் ஊசி ஓடும். உட்கார்ந்தபடியே ஜன்னல் பக்கம் நீட்டினேன். உச்சி வெயில். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் வரிசையாக நீலப் புள்ளிகள், மயிலுக்கு வைப்பது போல, மாங்காய்க்கு வைப்பது போல. என் ஆறு கடிதங்களையும் பரப்பி வைத்து, எந்த எழுத்து எந்தக் கடிதத்தில் இருக்கிறது என்று தேடி, ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்து, அடுக்கி, தேய்த்து, துணிக்குப் பூசுகிற சின்னத் தூரிகையால் நிரப்பியிருக்கிறாள். எத்தனை நாள் ஆகியிருக்கும். எப்போது உட்கார்ந்தாள், நான் கடையில் இருந்த எத்தனை மத்தியானம். அம்மா என்ற இடத்தில் அந்த நாலு கீற்று. அண்ணனுக்கு அது ஒரு இழுப்பு. இவள் நாலையும் தனித்தனியாகக் குத்தியிருக்கிறாள், கீற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளி, நெருக்கி நெருக்கி, அவன் கை தயங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஊசி நின்றிருக்கிறது. அதைக் குத்தும்போது அவள் என்ன நினைத்திருப்பாள். போ, போயி கடல்ல விழு. நான் அதற்கு மேல் நினைக்கவில்லை. இரண்டு மயிலையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடிக்கிறவளிடம் ஆறு தரம் ஒரே அம்மாவைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எந்தக் கடிதத்தில் தெரிந்தது. இரண்டாவதிலேயே தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் நாலு தரம் எழுந்துபோய்ச் சோறு போட்டுக்கொண்டாள், அடுத்த அறையில் நான் கேட்க வேண்டும் என்று சத்தமாக மென்றாள், மங்களூர்க்காரருக்கு டீ வாங்கிக் குடுத்தியா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

அண்ணன் மறுபடியும் எங்கேயும் இல்லாமல் ஆனான். கால் மணி நேரம் இருந்தான், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே எதிர்ச் சுவரில் அவன் எழுதிக்கொண்டிருக்கிறான், செல்போன் ரிப்பேர், பெண்களுக்கு அழகுக்கலைப் பயிற்சி, பத்தே நாளில். டிபன் பாக்ஸைத் திறந்தேன். மேல் தட்டில் சோறு. கீழ்த் தட்டைத் தூக்கியதும் அது என்ன என்று மூக்குக்கு முன்னால் தொண்டைக்குத் தெரிந்துவிட்டது. சாளைப் புளிமுளம். குழம்பை நன்றாக வற்ற வைத்து, கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டு, மூன்று மீன். மூன்று வருடமும் நாலு மாதமும் கழித்து எங்கள் வீட்டில் அது கொதித்திருக்கிறது, நான் குளித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். தாள் இன்னும் கையில் இருந்தது. முதல் தம்பி சும்மா. இரண்டாவது தம்பியில் கொஞ்சம் கோபம். மூன்றாவதில் கை நடுங்கியிருக்கிறது, இவனுக்கும் என்ன ஆகுமோ என்று. தாத்தா, மூன்று தரம் கூப்பிட்டாயிற்று. மூன்றும் மூன்று மாதிரி இருக்கிறது.

"என்னம்மா," என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பெஞ்சில் மூன்று பேரும் செல்லில் இருந்து தலையைத் தூக்கினார்கள். "யார்ட்டண்ணே பேசுறீங்க?" என்றான் இசக்கிராஜா. பேனரில் மாப்பிள்ளையின் செருப்பு வந்துகொண்டிருந்தது, இன்னும் ஐந்தாறு நிமிட வேலை இருக்கும். ஸ்டூலை அவன் பக்கம் காலால் தள்ளினேன்.

"இதுல வந்து உக்காரு. ஓரம் தூக்குச்சுன்னா மட்டும் லேசா அமுத்து, வேற ஒண்ணும் தொடாத. நான் சாப்பிட்டுட்டு வந்துர்றேன்."